கயாக்கில் கடலுக்குப் போன கலியபெருமாள்

கலியபெருமாள் இறந்துவிட்டார். நேற்றுக் காலை, உழவர்கரையில், அவர் வீட்டில்.

கடலில் இல்லை. போன் செய்த எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள், அதனால் சொல்கிறேன். டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாராம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம்... அவ்வளவுதான்.

எங்கள் கல்லூரி பிசிக்ஸ் லேபில் பதினெட்டு வருடம் அசிஸ்டென்டாக இருந்தவர். இதைப் படிக்கும் பழைய மாணவர்களில் பாதிப் பேருக்கு வெர்னியர் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை, அவர்.

மீனவர் ஊரான குருசுக்குப்பத்துக்காரர், ஆனால் கடலுக்குப் போகாதவர். மனைவி அஞ்சலையின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கடலுக்குப் போகாத மாப்பிள்ளை வேண்டும் என்பதுதான் அஞ்சலை போட்ட ஒரே கண்டிஷன். சுனாமிக்குப் பிறகு, அலைச் சத்தமே கேட்கக் கூடாது என்று வீட்டையும் உழவர்கரைக்கு மாற்றவைத்தார்.

அடுத்த வருடம், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு பிரெஞ்சுக்காரர் தன் கயாக்கைக் கலியபெருமாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு ஆள் உட்காரும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் படகு, ஒரு தூண்டில், கூடவே டவுன்ரிகர் என்று ஒரு கருவி.

கையால் சுற்றுகிற சின்ன உருளை. அதில் ஸ்டீல் கம்பி, கம்பியின் நுனியில் ஈயக் குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கிளிப்பில் மாட்டி, ஆழத்துக்கு இறக்கிவிட்டு, துடுப்புப் போட்டுக்கொண்டே போக வேண்டும். மீன் கடித்தால் நரம்பு கிளிப்பை விட்டுக் கழன்றுவிடும், குண்டின் பாரம் இல்லாமல் மீனை இழுக்கலாம். இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போக ஆரம்பித்தார். குப்பத்தில் அவர் வயதுக்காரர்கள் விடுவார்களா. "இன்னாடா கலியா, பிளாஸ்டிக் கொடத்துல குந்திகினு போற... தண்ணி மொள்ளவா?" என்று கேட்டார்களாம். லேபில் வந்து அவரே சொல்லிச் சிரித்தார்.

அஞ்சலை சிரிக்கவில்லை. ஒரு மதியம் டிபன் கேரியரைச் சாக்காக வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னா கேப்பாரு மேடம். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் லேபுக்குப் போனபோது ப்ரிசம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ஒரு சந்தேகம் கேட்டார். "பத்து பாகம் கம்பி வுடுறேன் மேடம். குண்டு பத்து பாகத்துலதான் இருக்குமா?" பாகம் என்றால் இரண்டு கைகளையும் விரித்த நீளம், குப்பத்து அளவு.

இருக்காது என்றேன். படகு நகரும்போது தண்ணீர் குண்டைப் பின்னால் தள்ளும், கம்பி சாயும். எவ்வளவு சாயும் என்றார். பேப்பரை எடுத்தேன்...

முப்பது டிகிரி சாய்ந்தால் பத்து பாகம் கம்பிக்கு ஆழம் எட்டரைச் சொச்சம்தான். மெதுவாகத் துடுப்புப் போட்டால் சாய்வு குறையும். பெல் அடித்தபோது, எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது.

இல்லை. மறக்கவில்லை. அவ்வளவு ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன். குண்டு பாறையில் மாட்டிக்கொண்டால் நீரோட்டம் படகை ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீல் கம்பி அறாது, படகு கவிழ்ந்துவிடும். அதனால் கம்பிக்கும் குண்டுக்கும் நடுவே மெல்லிய நைலான் கயிறு ஒன்று கட்டச் சொன்னேன், அது முதலில் அறுந்துபோகட்டும் என்று.

எந்தக் கயிறு எத்தனை கிலோவில் அறுகிறது என்று லேபில் எடைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். அதை அவர் நோக்கம், கருவிகள், முடிவு என்று ரெக்கார்ட் நோட் போலவே எழுதிவைத்தார்.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குண்டு நிஜமாகவே பாறையில் மாட்டியது. படகு சாய்ந்தது, கயிறு அறுந்தது, அவர் பத்திரமாகக் கரைக்கு வந்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் நடந்ததை எல்லாம் வீட்டில் சொல்லிவிட்டார். என் பெயரோடு.

அன்று சாயங்காலம் அஞ்சலையிடமிருந்து போன்.

"போவாதன்னு சொல்லச் சொன்னேன் மேடம். நீங்க கவுறு கட்டி அனுப்பியிருக்கீங்க."

வைத்துவிட்டார். அதன்பிறகு மூன்று வருடம், நேற்றுவரை, என்னோடு பேசவில்லை. பெரிய மார்க்கெட்டில் ஒருமுறை எதிரே வந்தவர், என்னைப் பார்த்ததும் அடுத்த வரிசைக்குத் திரும்பிப் போனார். அந்தக் கயிறு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என்னிடம் கேட்டது கயிறு இல்லையே.

கலியபெருமாள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். வஞ்சிரம் கிடைத்தால் ஒரு துண்டு எனக்குக் கொண்டுவருவார். எனக்கு மீன் பழக்கமில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, நன்றாக இருந்தது என்பேன். "கொழம்பா, வறுவலா மேடம்?" என்று ஒருமுறை கேட்டார். அவித்தேன் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு போய் எலெக்ட்ரோமீட்டரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகும் கொண்டுவந்தார்.

நேற்று அவர் மகன்தான் போன் செய்தான். போகலாமா, கூடாதா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். போனேன்.

பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே பேசினார். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பயந்துகினே கெடந்தேன் மேடம். அவரு வந்து சைக்கிள நிறுத்துற வரைக்கும். செவ்வாக்கெழம காலையில பயப்படணும்னு எனக்குத் தெரியல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உருவிக்கொள்ளவில்லை.

நாலு மணிக்கு எடுத்தார்கள்.

போய் வாருங்கள், கலியபெருமாள். அஞ்சலையைப் பார்க்க அடிக்கடி போவேன்.