என் கவுனைப் போட்டவர்கள்

போட்டோ ஸ்டூடியோ வேலையில் ஒரு தொல்லை உண்டு. அடுத்தவனுக்கு நல்லது நடக்கிற அன்றைக்குத்தான் அவன் நம் கடைக்கு வருவான். அதையும் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, காமிராவில் தலைகீழாகப் பார்த்துத் தொலைக்க வேண்டும். பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு அலைந்த சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியாது.

கவுனுக்குக் கிடைத்த வேலை

ஐம்பதுகளின் கடைசியில் சரித்திரம் எடுத்து பி.ஏ. தேறினேன். சாணார்பட்டிப் பக்கம் எங்கள் கிராமத்தில் நான்தான் முதல் பட்டதாரி. பட்டமளிப்பு விழாவுக்கு எல்லோரும் கவுனை வாடகைக்கு எடுத்தார்கள். என் அப்பா அதற்கு ஒப்பவில்லை. தக்காளி விற்ற கையோடு திண்டுக்கல் தையல்காரரிடம் போய்ச் சொந்தமாகவே தைத்து வாங்கிவிட்டார்.

விழா முடிந்ததும் அதைப் போட்டுக் காட்ட சேவுகம்பட்டிக்கு, என் தாய்மாமன் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் வாசல் கதவின் ஆணி மாட்டி கவுனின் வலது கை கிழிந்துவிட்டது. மாமன் மகள் காமாட்சி உடனே ஊசி எடுத்தாள். வீட்டில் கறுப்பு நூல் இல்லை, வெள்ளை நூலாலேயே தைத்தாள். காமாட்சி எனக்குத்தான் என்பது சின்ன வயதிலிருந்தே இரண்டு வீட்டுப் பேச்சு. மாமாவும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "உத்தியோகம்னு ஒண்ணு வரட்டும் மாப்ளே, காமாட்சி எங்க போயிரப் போறா?"

உத்தியோகம் வரவில்லை. மனுப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் கேட்டேன். முதலாளி என் படிப்பைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சொந்தமாகக் கவுன் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னதும் நாற்காலியை நகர்த்திப் போட்டார். பட்டதாரிகளுக்குப் படம் பிடிக்க அவரிடம் காமிரா இருந்தது, கவுன் இல்லை. "வேல கேட்டு ஆளு தெனம் வாராந்தம்பி. கவுனோட வந்தவன் நீ ஒருத்தந்தான்" என்றார்.

ராசாக்கள் இல்லாத ஊர்

சின்னாளபட்டியிலிருந்து ஒரு நெசவாளி தன் மகனை அழைத்து வந்தார். பையன் பி.காம்., பாங்கியில் வேலை கிடைத்துவிட்டதாம். என் கவுனை அவனுக்கு மாட்டிவிட்டு, பொத்தானும் நானே போட்டுவிட்டேன். அந்தப் பாங்கிக்கு நானும் மனுப் போட்டிருந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. பெரியவர் என் படிப்பை விசாரித்தார். சரித்திரம் என்றேன். அவர் உண்மையாகவே இரக்கப்பட்டார், அதுதான் தாங்க முடியவில்லை: "ராசாக்களே போயிட்டாங்களே அப்பு, இனி யாரு ஒனக்கு வேல தர்றது?"

பெயிலானவர்

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு காய்கறி மண்டிக்காரர் மகனோடு வந்தார். பையன் கல்லூரிக்குப் போனது வாஸ்தவம், தேறவில்லை. அவனுக்கு மண்டி இருக்கிறது, லாரி இருக்கிறது, பெண் வீட்டாரும் நாளைக்கு வருகிறார்கள். இல்லாதது சுவரில் மாட்ட ஒரு கவுன் படம்தான். பட்டம் வாங்காமலே வாழ்க்கை நடக்கிறவனுக்கு, பட்டம் வாங்கியும் நடக்காதவன் கவுன் மாட்டிவிட்டேன். அவனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தித் தொலைத்தது. விளக்கைப் போட்டதும் பையனின் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் காதருகே குனிந்து கேட்டார்: "ஏனுங்க, பெயிலானது போட்டாவுல தெரியுமுங்களா?"

மண்ணைப் படித்தவன்

தங்கவேலு எங்கள் தெருக்காரன். இன்டர்மீடியட் வரைக்கும் என் பக்கத்து பெஞ்சு. அதன்பின் அவன் கோயமுத்தூருக்குப் போய் விவசாயம் படித்தான். எனக்கும் அங்கே இடம் கிடைத்தது. என் அப்பாதான் விழுந்து விழுந்து சிரித்தார். "மண்ணப் பத்தி நம்ம வீட்டுல தெரியாததா? இதுக்குப் போயி காலேஜாலே?" என்று கேட்டார். எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். தெரியாத ஒன்றைப் படிப்பதுதான் படிப்பு என்று நான் சரித்திரத்துக்குப் போனேன்.

அந்தத் தங்கவேலு கவுன் படம் எடுக்க பிளாக் ஆபீஸ் ஜீப்பில் கடை வாசலில் வந்து இறங்கினான். இப்போது என் அப்பாவுக்கே உரம் போடச் சொல்லிக்கொடுப்பவன் அவன்தான். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் சொல்வதைக் கேட்கிறாராம். எனக்கு எரிந்த எரிச்சலில் விளக்கே தேவைப்பட்டிருக்காது.

அவன் முகத்தில் அம்மைத் தழும்பு நிறைய. நெகடிவில் பென்சிலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றையும் மறைத்தேன், முதலாளி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் வெள்ளை நூல் தெரிகிறது, அதையும் கத்தியால் சுரண்டிவிடு என்றார். தலையை ஆட்டினேன், ஆனால் சுரண்டவில்லை. அதில் கத்தி வைக்க மனம் வரவில்லை. படம் எடுத்த அன்று தங்கவேலு கவுனைக் கழற்றிக் கொடுத்தபோது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏலே, கை இறுக்கிப் பிடிக்குதே. இத நீ எப்பிடிலே போட்டுக்கிட்டு நின்ன?"

ஆடாமல் இரு

அடுத்த தை மாதம் மாமா கடைக்கு வந்தார். பின்னாலேயே பட்டுப்புடவையில் காமாட்சி. மாமா என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். மாப்பிள்ளை ஆபீசராம், பெண்ணின் படம் கேட்கிறாராம். "எம்புட்டு நாளு மாப்ளே வச்சிருக்கிறது? ஒன் கடையில எடுத்த கவுன் படத்தத்தான் அவுங்க குடுத்து விட்டாங்க. மொகத்துல ஒரு மாசு மறு இல்ல. பாத்ததும் ஒன் அத்தைக்குப் புடிச்சுப் போச்சு" என்றார். தங்கவேலுவின் தழும்புகளை ஒவ்வொன்றாக மறைத்த அதே விரல்களால் காமிராவைத் திருகினேன்.

மாமா வெற்றிலை துப்ப வெளியே போனார். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். காமாட்சி தலைகீழாக நின்றாள். முகத்தைக் கொஞ்சம் தூக்கு, ஆடாமல் இரு என்றேன். என் குரல்தான் ஆடியது. அவள் ஆடாமல்தான் இருந்தாள், உதடு மட்டும் அசைந்தது: "அத்தான், அந்தப் படத்துல கவுனு ஒங்களது, கையில தையலு என்னுது. ஆளுதான் வேற."

சகோதரர்களே, எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் எடுத்துப் படியுங்கள், கவுனை மட்டும் அடுத்தவன் தோளில் மாட்டிவிடாதீர்கள்.