அம்மா போனை வைத்துவிட்டார்

"போனை வைக்கிறேன்" என்று சொன்னால் நம் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான்: பேச்சு முடிந்தது. என் அம்மா மட்டும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டவர். "வச்சிர்றேன் புள்ள" என்பார். மாதா படத்துக்குக் கீழே உள்ள பலகைத் தட்டில், கண்ணாடிப் பக்கம் மேலே இருக்கும்படி, முட்டையை வைப்பதுபோல மெதுவாகப் போனை வைப்பார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். வைத்தால் முடிந்தது என்பது அவர் கணக்கு.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். மாதம் ஒரு தடவை, சம்பளத்துக்கு மறுநாள், அம்மா என்னையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு கொட்டகலை பஜாரில் இருந்த கொமினிகேஷன் கடைக்குப் போவார். கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கூண்டு. உள்ளே போன். போனுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு மீட்டர், நாம் மூச்சு விடும்போதும் ஏறிக்கொண்டே போகும். அம்மா அப்பாவோடு பேசியதைவிட அந்த மீட்டரைப் பார்த்ததுதான் அதிகம். "நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கீங்களா. புள்ளைங்க நல்லா இருக்காங்க. வச்சிர்றேன்." இவ்வளவுதான் கல்யாண வாழ்க்கை. அழுகை, கோபம், ஏக்கம் எதுவும் அந்தக் கூண்டுக்குள் நுழைந்ததில்லை. அதற்கெல்லாம் தனிக் காசு.

அப்பா போய்ச் சேர்ந்தார். கொமினிகேஷன் கடை இப்போது பேக்கரி. ஒரே ஒரு போன் கம்பனி இருந்த நாட்டில் நாலைந்து வந்தன. எங்கள் தேயிலைத் தோட்டத்து மலை உச்சியில் டவர் முளைத்தது. நிமிடத்துக்கு இவ்வளவு என்ற கதை போய், இன்டர்நெட்டிலேயே கடல் தாண்டி முகம் பார்த்துப் பேசலாம் என்று ஆயிற்று. அம்மாவின் பேச்சு மட்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை.

இதனால் பாதிக்கப்பட்டவள் என் தங்கை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் நாலு வருஷம். அங்கே மத்தியானம் வீட்டுக்கார மெடம் தூங்கும் நேரம், இங்கே சாயங்காலம் நாலரை. அப்போதுதான் வீடியோ கோல் எடுப்பாள். போன வருஷம் மழைக்காலம் தொடங்கியபோது ஒரு நாள் சொன்னாள்: "அம்மா, மெடம் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லணும். வரட்டுமா, இருக்கட்டுமா?"

"ஒன் இஷ்டம் புள்ள. சாப்பிட்டியா? சரி, வச்சிர்றேன்."

அவள் மறுபடி மறுபடி கேட்டாள். அம்மா மறுபடி மறுபடி அதையே சொன்னார். தங்கைக்கு வயது முப்பத்திரண்டு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. இரண்டு வருஷம் என்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயமில்லை. அவள் என்னைத் தனியாகக் கேட்டபோது நான், "எனக்கும் நீ வந்தா நல்லதுதான், ஆனா அம்மா வாயைத் திறந்து சொல்லட்டும்" என்று பெரிய மனுஷி மாதிரி பேசிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பது என் தொழில், வீட்டில் மட்டும் பலிக்காது.

அதே மாதம் எனக்கு வேறொரு சண்டை இருந்தது. போனுக்குக் காசு கட்டி ரீலோட் போட்டுப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் வீட்டுக்கு ஒரு ரவுட்டர் வாங்கியிருந்தேன். டவுனில் வயர் இழுத்துக் கொடுக்கிறார்கள், அளவில்லாமல் பாவிக்கலாம். கேட்டுப் போனேன். "தோட்டத்துக்கு லைன் இல்ல மிஸ், மெயின் ரோட்டோட நிக்கிது" என்றார்கள். கம்பனிகள் கூடினால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை குறையும் என்று நான் பிள்ளைகளுக்கே பாடம் சொல்லியிருக்கிறேன். போட்டியும் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது என்பது புத்தகத்தில் இல்லை. எங்கள் தலைக்கு மேலேயே டவர் நிற்கிறது, எங்களுக்குத்தான் அளந்து ஊற்றுகிறார்கள். அதிலும் பாதி டேட்டா பகலுக்கு, பாதி நடுச்சாமத்திலிருந்து காலை எட்டு மணி வரைக்கும். விடியக் காலையில் பெரட்டுக்களத்தில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற ஜனம் நடுச்சாமத்தில் விழித்திருந்து என்ன பார்க்கும்? இந்த பேக்கேஜை யோசித்தவர் ஒரு நாள் கொழுந்துக் கூடையை மாட்டிப் பார்த்திருக்கவேண்டும்.

அந்தப் பகல் டேட்டா மாதம் பாதி போவதற்குள் முடிந்துவிடும், மறுபடி மறுபடி காசு கட்டிக் கூட்டவேண்டும். பாடத்துக்கு ஒரு படம் இறக்க முடியாது. கஸ்டமர் கெயாருக்கு எடுத்தேன். சிங்களத்தில் ஒரு பாட்டம், தமிழுக்கு இரண்டை அழுத்து என்று ஒரு பாட்டம், பிறகு சங்கீதம். கடைசியில் ஒரு பிள்ளை பொறுமையாகச் சொன்னாள்: "மெடம், உங்க வீட்டுலதான் பாவிச்சிருக்காங்க. தினமும் பின்னேரம் நிறையப் போகுது."

"பின்னேரம் எங்க வீட்டுல ரொட்டிதாம்மா சுடுறோம்" என்று கத்தினேன். அந்தப் பிள்ளை மேல் என்ன பிழை? எனக்குக் கோபம் வந்தால் எதிரே யார் இருக்கிறார் என்று பார்க்கத் தெரியாது.

அடுத்த ஆள் கிடைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் அக்காவுக்கு ஒரு ஆத்திர அவசரத்துக்குப் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தேன். அவர் நாடகப் பைத்தியம். நேரே போய், "நாடகம் பார்க்கிறதுன்னா ஒங்க டேட்டாவுல பாருங்க" என்று முன்வாசல் இஸ்தோப்பில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றினேன். அவர் எங்களிடம் இரவல் வாங்கியிருந்த பழைய ரொட்டிக் கல்லைத் தேய்த்துக் கழுவி, அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். அது எனக்கு ஏச்சைவிடச் சுட்டது. அதற்குப் பிறகும் டேட்டா போய்க்கொண்டேதான் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. அம்மா வழக்கம்போலத் தங்கையோடு இரண்டு நிமிடம் பேசி, வைத்துவிட்டு, மாவு பிசையப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துச் செபமாலையை எடுக்கத் தட்டில் கையை வைத்தேன். போனில் வெளிச்சம். குனிந்து பார்த்தால் தங்கை! அவள் என்னைப் பார்க்கவில்லை. எங்கேயோ சுவரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு குவியல் வெள்ளை உடுப்புகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சாந்தம். பூசையில் உட்கார்ந்திருக்கும்போது அப்படி இருப்பாள். என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். உடனே வாயில் விரலை வைத்து, பேசாதே என்று காட்டினாள்.

போனை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்கு ஓடினேன்.

"எவ்வளவு நாளாடி இது?"

"நீ ரவுட்டர் வாங்குன நாள்லேர்ந்து. முன்னாடி ரீலோட் முடிஞ்சு அதுவாவே கட்டாயிரும். இப்ப ஆவுறதில்ல. அம்மா வச்சிட்டதா நெனைச்சுட்டுப் போயிருவாங்க."

"நீ கட் பண்ண வேண்டியதுதானே? எங்க டேட்டா பூரா நீதானா?"

அவள் சிரிக்கவில்லை. "இங்க யாரும் ஏங்கூடப் பேச மாட்டாங்க அக்கா. அம்மா ரொட்டி தட்டுற சத்தம் கேக்கும். கூரைத் தகரத்துல மழை கேக்கும். நீ கஸ்டமர் கெயாருக்கு ஏசினதும் கேட்டுச்சு. தகரத்துல அந்தப் பொகை புடிச்ச எடம் தெரியும், அதைப் பார்த்துக்கிட்டே வேலையை முடிச்சிருவேன். அம்மாவுக்குக் கட் பண்ணச் சொல்லிக் குடுத்துராத அக்கா."

எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. மழை என்று சமாளித்தேன்.

அன்றைக்கே பக்கத்துக் காம்பிராவுக்குப் போனேன். "ரவுட்டர்ல கோளாறாம் அக்கா, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோளாறு ரவுட்டர்லயா டீச்சர்?" என்றார். ஆனாலும் ரொட்டிக் கல்லை மறுபடி வாங்கிக்கொண்டார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. தங்கை கோல் எடுத்தாள். "நாளைக்கு மெடம் கேப்பாங்க அம்மா. என்னா சொல்ல?" அம்மா திரையைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு வருஷம்தானே, ஓடிப் போயிரும். நல்ல எடம். ஒன் இஷ்டம். சரி, வச்சிர்றேன்." வைத்தார். போனார்.

நான் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். திரையில் தங்கை அயன் பண்ணவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். நான் கட் பண்ணியிருக்கலாம். ஒருவர் தெரியாமல் பேசுவதை மற்றவரைக் கேட்க வைப்பது சரியில்லை என்று வகுப்பில் சொல்வேன். கட் பண்ணவில்லை. அடுப்படி வாசலில் போய் நின்று, தட்டுவரைக்கும் கேட்கிற மாதிரி, பள்ளிக்கூடக் குரலில் கேட்டேன்:

"ஏம்மா, அவ வரணுமா, இருக்கணுமா? எனக்காச்சும் சொல்லுங்க."

அம்மா மாவை உருட்டுவதை நிறுத்தவில்லை. "நான் வரச் சொன்னா வந்துருவா. நாளைக்குக் கையில ஒண்ணும் இல்லாம உக்காந்தா, அம்மா பேச்சைக் கேட்டு வந்தேன்னு ஆயிரும். அதான் சொல்லல." அடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டே, "தெனமும் அவளுக்கும் ஒரு ரொட்டிக்கு மாவு போட்டுர்றேன். கை அப்படியே பழகிப்போச்சு. பொறவு அதை நாய்க்குப் போடுறேன்" என்றார். பிறகு என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல், மாவிடம் சொல்வதுபோல்: "வந்துட்டா போதும். வேற என்னா வேணும் எனக்கு."

நான் திரும்பிப் பார்த்தபோது திரை அணைந்திருந்தது. முதல் தடவையாக அவளே கட் பண்ணியிருந்தாள்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. மூன்று மாதத்தில் வந்து சேர்ந்தாள். கொட்டகலை ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்கியவளைப் பார்த்து அம்மா கேட்டது, "சாப்பிட்டியா?" இப்போது பஜாரில் ஒரு தையல் கடையில் வேலை. சம்பளம் குறைவு, வாய் அதிகம். எதை வைத்து முடிவு பண்ணினாள் என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன மாதம் நான் ஆசிரியர் பயிற்சிக்காக ஹட்டனில் ஒரு வாரம் தங்கினேன். நாலாம் நாள் பயிற்சி முடிந்ததும் வீட்டுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அம்மா வந்தார். "நல்லா இருக்கியா? நாங்க நல்லா இருக்கோம். குளிருக்கு சுவெட்டர் போட்டுக்க. வச்சிர்றேன்." இரண்டு நிமிடம்கூட இல்லை. திரை ஆடியது. பிறகு தகரம் தெரிந்தது, ஓரத்தில் அந்தப் புகை பிடித்த இடமும்.

கட் பண்ணக் கையை நீட்டினேன். அப்போது தங்கையின் குரல் கேட்டது. தட்டுக்கு மிகக் கிட்ட நின்றிருப்பாள் போல, தேவைக்கு மேல் சத்தமாக.

"அம்மா, போனை வச்சிட்டீங்களா?"

"வச்சிட்டேன், வச்சிட்டேன்."

"அப்ப சொல்லுங்க. அக்கா இல்லாம வீடு எப்படி இருக்கு?"

ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. "அவ இருந்தா ஒரே கத்தல்" என்றார் அம்மா. "இல்லாட்டி எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. இன்னைக்கும் அவளுக்கு ஒண்ணு சேர்த்துத்தான் மாவு போட்டிருக்கேன்."

அதற்கு மேலும் ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து என் டேட்டா முடிந்து கோல் கட்டாகிவிட்டது. ரீலோட் போட, குடைகூட எடுக்காமல், மழையில் கடைக்கு ஓடினேன்.