அசனத்துக்கு வந்த ஏட்டு

பாறசாலை ஆலயத்தில் இன்று அசன விருந்து. அடுப்பில் விறகுப்புகை எழுந்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லைப் போராட்டக் காலத்தில், தமிழகத்தோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போன அப்பாவின் முழங்காலை லத்தியால் உடைத்த போலீஸ் ஏட்டு, அந்த வருடம் எங்கள் அசனத்துக்கும் வந்தார். யார் வந்தாலும் அசனத்தில் இலை உண்டு.

அம்மாதான் இலை போட்டாள். “வாருங்க ஏட்டே, வயிறு நெறைய உண்ணுங்க. கர்த்தருக்க சோறாக்கும். லத்தி மட்டும் வெளிய இருக்கட்டும்.”

லத்தியை வாசலில் சாத்திவிட்டு வந்தவர் பாயசத்தை இரண்டுமுறை கேட்டு வாங்கிக் குடித்தார். புறப்படும்போது லத்தியைக் காணோம்.

அம்மா அடுப்பைக் காட்டினாள். “வெறகு தீந்து போச்சு ஏட்டே. நீங்க குடிச்ச பாயசம் அதுலயாக்கும் வெந்தது.”

கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.