செல்லத்தாய் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

செல்லத்தாய் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை தேடும் செக்கிங் பார்த்துப் பார்த்துக் கண் மங்கியதும், ராயபுரத்தில் ஈஸ்வரமூர்த்தி, சாரதாமணி வீட்டில் பிள்ளை பார்க்கச் சேர்ந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் காலையிலேயே தங்கள் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பிறகு கூடத்துச் சுவரில் இருக்கும் கேமராதான் பேசும்.

“செல்லத்தாயக்கா, ரித்தீஷுக்கு மூக்கு ஒழுகுது பாருங்க.”

கம்பெனியில் இருந்தபடி போன் வழியாகப் பேசும் சாரதாமணியின் குரல். இவளும் சுவரைப் பார்த்து, “சரிங்கம்மா” என்பாள்.

சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சோறூட்டப் பார்க்குக்கு வரும் ஆயாக்கள் ஒரு சங்கம் கட்டியிருந்தார்கள். வாரம் ஒருநாள் லீவு வேண்டும். அதையும் ஆளாளுக்குக் கெஞ்சாமல் சேர்ந்து பேசி வாங்க வேண்டும். வேலை போய்விடுமோ என்று செல்லத்தாய்க்குப் பயம்.

“சுவத்துக்கிட்டப் பேசுறவளுக்கு ஆளுகிட்டப் பேச வாய் வராதாக்கும்?” என்று சீண்டினாள், சங்கத்தை ஆரம்பித்த சித்ரகலா.

வரத்தான் இல்லை. மறுநாள் மத்தியானம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரிடமே கேட்டுவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை லீவு வேணும்மா. எனக்கு மட்டுமில்ல, எல்லா ஆயாமாருக்கும். சேர்ந்து வந்து பேசுறோம்.”

கேமராவின் சிவப்புப் பொட்டு மட்டும் எரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. பிள்ளை சோற்றைத் துப்பினான், சுவர் பேசவில்லை. வேண்டுமென்றே டம்ளரைக் கீழே போட்டாள். அதற்கும் பேசவில்லை.

பொழுது சாயச் சாரதாமணி வந்தாள். “ரித்தீஷ் கண்ணு” என்று கை நீட்டினாள். பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

“அம்மா இங்க இருக்கறேன் சாமி.”

மறுபடியும் அங்கேதான் பார்த்தான். நீட்டிய கை அப்படியே நின்றது.

“மத்தியானம் நான் கேட்டதும்மா...” என்று இழுத்தாள் செல்லத்தாய்.

“என்ன கேட்டீங்க? இன்னைக்குப் பூரா ஷிப்மெண்ட் வேலை. நான் போன்ல கேமராவத் தொறக்கவே இல்லீங்க.”

அப்போது சுவர் பேசியது. ஆண் குரல்.

“சாரதா, அவங்களக் கூட்டமா ஊட்டுக்குள்ள உடாத.”

ஈஸ்வரமூர்த்தி. சாரதாமணியின் கை தானாகப் போய் முந்தானையைத் திருத்தியது.

“ஏனுங்க, எப்பத்துல இருந்து பாக்கறீங்க?”

பதில் இல்லை.

சாரதாமணி செல்லத்தாய் பக்கம் திரும்பினாள். “என்ன கூட்டமுங்க?”

செல்லத்தாய் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்து.

பொட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சாரதாமணி குரலைத் தணிக்காமலே சொன்னாள்:

“எல்லாரையும் வரச் சொல்லுங்க. இந்தக் கூடத்துலயே உக்காந்து பேசலாம்.”