நோன்பு திறக்காத பல்

பல் டாக்டர் நேற்று என் பழைய கட்டுப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றப் பற்களில் தண்ணீர் பீய்ச்சினார். ஈரத்தில்தான் பல்லின் நிறம் சரியாகத் தெரியுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வந்த அழுகையை மருந்தின் காரம் என்று அவர் எடுத்துக்கொண்டார். இந்த ஒரு வாய்த் தண்ணீர் அன்றைக்கு இல்லாமல் போயிற்றே!

யுத்தக் காலம் அது. கப்பல் வரவில்லை, மண்ணெண்ணெய் வரவில்லை, பீங்கான் பல்லும் வரவில்லை. கீழவாசல் பக்கம் ஒரு மாடியறையில் அண்ணன் பல் கட்டும் தொழில் செய்துகொண்டிருந்தான். பெருநாள் கழிந்து எனக்கு நிக்காஹ். ஏற்கெனவே ஒரு சம்பந்தம் கலைந்திருந்தது. அந்த நேரம் பார்த்தா கிணற்றடியில் வழுக்கி விழ வேண்டும்? தொட்டி விளிம்பில் முன்பல் போயிற்று. சமயநல்லூர் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் இந்தச் சம்பந்தமும் போகும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே நடமாடினேன், ஏதோ ரகசியத்தைக் கடித்துக்கொண்டிருப்பவள் மாதிரி.

அண்ணனிடம் ஒரு டப்பாவின் அடியில் பீங்கான் பொடி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கண்ணாடியும் கல்லுமாய் அரைத்த பொடி. தண்ணீரில் குழைத்துப் பல்லாகப் பிடித்து, துணியால் ஈரத்தை ஒற்றி, அடுப்பில் மண்மூடிக்குள் வைத்துத் துருத்தி ஊதிச் சுடுவான். உருகி ஓடக் கூடாது. தொழுகைக்கு நிற்கிறவர்கள் போலத் துகள்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொள்ளும் சூடு போதும். நெருங்க நெருங்கச் சுருங்கும் என்பதால் குதிரைப் பல் மாதிரிப் பெரிதாகச் செய்வான். முதல் பல் சுண்ணாம்பாக உதிர்ந்தது. அடுத்தது சூடு மிஞ்சிக் கண்ணாடிச் சொட்டாகச் சுருண்டது. டப்பா மூலையில் இருந்ததைக் கோழி இறகால் கூட்டினான். இன்னும் ஒரு பல்லுக்குத்தான் தேறும்.

நிறம் பார்க்க என்னை ஜன்னலோரம் வாயைத் திறந்தபடி உட்காரவைத்தான். நோன்பு நாள். பல்லெல்லாம் வறண்டு வெளுத்திருந்தது.

“ஒரு வாய் கொப்பளிச்சுத் துப்பு, தங்கச்சி.”

கூட வந்திருந்த அம்மா விடவில்லை. “ஒரு சொட்டு உள்ள எறங்குனா நோன்பு போச்சுடா. அந்தப் பல்லுக்காகத்தான அவ துஆ கேட்டுக்கிட்டு இருக்கா.”

“கொப்பளிக்கலாம்மா, தப்பில்ல.”

“ஒன் மார்க்கத்த அடுப்புக்கிட்ட வச்சுக்க.”

அண்ணன் வறண்ட பல்லுக்கே நிறம் சேர்த்தான். இந்தப் பல் நின்றது. நகத்தால் சுண்டிப் பார்த்தான், கிண்ணென்றது. ரப்பர் தகட்டில் பதித்து மாட்டியபோது எது என் பல், எது அடுப்புப் பல் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். கஞ்சி குடித்து நோன்பு திறந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். நனைந்த என் பற்கள் பழைய பழுப்புக்குத் திரும்பியிருந்தன. அடுப்புப் பல் மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது. பொடியும் இல்லை, கப்பலும் இல்லை. அண்ணன் அன்று சாப்பிடவில்லை.

நிக்காஹ் முடிந்தது. குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். அடக்கமான பெண் என்று சமயநல்லூரில் எனக்குப் பெயர். ஒரு நாள் என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது ஏதோ சொல்ல, என்னை மீறிச் சிரித்துவிட்டேன். அவர் உற்றுப் பார்த்தார். பாதி உயிர் போயிற்று.

“ஏன் புள்ள, பெருநாள் போயி எம்புட்டு நாளாச்சு. அந்த ஒரு பல்லு மட்டும் இன்னும் நோன்பு தொறக்கலையா?”

அதற்கு மேல் கேட்கவே இல்லை. சோற்றைப் பிசைந்தார்.

மறு பெருநாளுக்கு அவர் இல்லை, வாந்திபேதி. அண்ணனும் போய்விட்டான். அடுப்பிருந்த மாடியில் இப்போது செருப்புகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

டாக்டர் திருப்பித் தந்த பழைய பல்லை நேற்றுத் தம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன். விடிந்ததும் எடுத்துப் பார்த்தேன். அதே வறண்ட வெள்ளை. கேலி செய்யத்தான் ஆளில்லை.