மேல் லயத்துக்கும் ஒரு ஆள்

லூர்து அக்கா, உன்னைப் பற்றித்தான் இவர்களிடம் சொல்லப்போகிறேன். கோபப்படாதே.

ஆண்டவருக்குள் என் உறவுகளே, எனக்குப் படிப்பு குறைவு. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நாங்கள் சின்னக்கானல் பக்கம் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மேல் லயத்தில் இருக்கிறோம். அப்பா, அம்மா இல்லை. நானும் அக்காவும் மட்டும்தான். இரண்டு வருஷம் முன்னால், மழையில் கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்தாள் அக்கா. அதோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

வீட்டில் ஒருவர் பெயராவது எஸ்டேட் வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் இருந்தால்தான் லயத்து வீடு நமக்கு. அக்கா பெயரை எடுத்துவிட்டார்கள். என் பெயர்தான் மிச்சம். நான் வேலைக்குப் போனால் அவள் காலையிலிருந்து சாயந்திரம் வரை தனியாகக் கிடப்பாள். போகாவிட்டால் வீடு போகும். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். குடித்தால் படுத்தபடியே ஒன்றுக்குப் போய்த் துணி நனையும் என்று குடிக்காமலே கிடப்பாள். முதுகில் புண் வந்தது.

கீழ் லயத்தில் பிலோமினா இருக்கிறாள். என்னோடு கோயிலில் ஞானோபதேசம் படித்தவள். அவள் அம்மாவும் படுக்கைதான். ஆனால் பஞ்சாயத்து ஒரு பெண்ணைத் தினமும் அந்த வீட்டுக்கு அனுப்பியது. குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க, கஞ்சி கொடுக்க. கீழ் லயம் வரை ஜீப் ரோடு உண்டு, எங்களுக்குக் கிடையாது. கொழுந்து எடுக்கும் இடத்திலிருந்து பார்த்தால், அந்தப் பெண் பையோடு பிலோமினா வீட்டுக்குள் போவது தெரியும். வயிறு எரியும்.

"ஏட்டி மேரி, என்ன முறைச்சுக்கிட்டே போற? ஒங்கக்கா எப்படி இருக்கா?" என்று ஒருநாள் பிலோமினா கேட்டாள்.

"ஒங்க வீட்டுலதான் ராணி மாதிரி பாத்துக்கிறாங்களே. எங்கள எதுக்குக் கேக்குற?" என்றேன்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில் மாதாவுக்கு ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் பிடித்தேன். என்ன கேட்டேன் தெரியுமா? 'எனக்கும் கொடு' என்று கேட்கவில்லை. 'அவளிடமிருந்து எடுத்து எனக்குக் கொடு' என்று கேட்டேன். மறைக்காமல் சொல்கிறேன்.

அந்த வாரமே கிராமசபை கூடியது. நான் எழுந்து நின்று கத்தினேன். "பிலோமினா அம்மா எந்திரிச்சு உக்காந்து காப்பி குடிக்குது. எங்கக்காவால பொரண்டு படுக்க முடியல. அந்தப் பொம்பளைய எங்க வீட்டுக்கு அனுப்புங்க!"

"ஒரு ஆளுக்குத்தாம்மா ஃபண்டு இருக்கு," என்றார் பஞ்சாயத்து மெம்பர்.

பிலோமினா எழுந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவள் மெம்பரைப் பார்த்துப் பேசினாள். "எங்கம்மா உக்காருதுன்னா, தெனமும் ஒருத்தி வந்து தூக்கி உக்கார வச்சதுனாலதான். அதை நிப்பாட்டாதீங்க. மேல் லயத்துக்கும் ஒரு ஆளுக்கு ஃபண்டு கேளுங்க. நாங்களும் கையெழுத்துப் போடுறோம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட பிடுங்கினாத்தான் ஒனக்குக் கெடைக்குமாட்டி? சேத்துக் கேளேன்."

எனக்கு அழுகை வந்தது. இவளுக்கு ஆண்டவர் நல்ல மனசையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாரே என்று, அதற்கும் பொறாமைதான்.

இரண்டு லயமும் சேர்ந்து மனு எழுதினோம். பஞ்சாயத்து ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாரும் பெயருக்குப் பக்கத்தில் செக்ரோல் நம்பரை எழுதியிருந்தோம். யார் என்று கேட்டால் எங்களுக்கு அதுதான் வாயில் வரும். "இது கம்பெனி நம்பர். ரேஷன் கார்டு நம்பர் வேணும்," என்றார்கள். பிலோமினாவும் நானும் வேலை முடிந்து வீடு வீடாக ஏறி இறங்கி மறுபடி எழுதினோம். நவநாளையும் மறுபடி பிடித்தேன். இந்தத் தடவை இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கேட்டேன்.

ஓணம் கழிந்து ஃபண்டு வந்தது. சாந்தி அக்கா என்ற பெண் ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்தாள். அக்காவுக்குத் தலை குளிப்பாட்டி, வாசல் வெயிலில் சாய்த்து உட்காரவைத்தாள். புண் ஆறியது.

"எந்தங்கச்சி குளிப்பாட்டுனா சட்டி வெளக்குற மாதிரி வெளக்குவா," என்று அக்கா அவளிடம் சொல்லிச் சிரித்தாள். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"அப்ப ஒஞ்சாந்தியவே தங்கச்சியா வச்சுக்க," என்றேன். அதற்கும் சிரித்தாள்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் நான் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் வந்து கூப்பிட்டார். ஓடினேன். முடிந்திருந்தது. சாந்தி அக்கா அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இருக்க வேண்டிய இடம் அது. இன்றைக்கும் சாந்தியைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். ஆனால் என் அக்கா தனியாகச் சாகவில்லை. நான் பயந்ததெல்லாம் அதற்குத்தான். மாதா அதைக் கேட்டாள்.

சாந்தி இப்போது எங்கள் லயத்திலேயே வேறு வீட்டுக்குப் போகிறாள். அவள் என் வாசலைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்வேன். அடுத்த வருஷமும் ஃபண்டு நிற்கக்கூடாது என்று பிலோமினாவும் நானும் மறுபடி கையெழுத்து வாங்குகிறோம். உங்கள் ஊரிலும் படுக்கையில் கிடப்பவர்கள் இருப்பார்கள். கிராமசபையில் எழுந்து நின்று கேளுங்கள். முழங்காலில் நின்றும் கேளுங்கள். அடுத்த வீட்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள்.

என் அக்கா பெயர் லூர்து. வயது இருபத்தேழு. அவள் ஆத்துமா இளைப்பாற, எல்லாரும் மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லுங்கள்.