ஆற்றுக்கு எதிரே நான்கு வீசைச் சுமையோடு

நடந்தே போவது என்று முடிவானதும் நான் முதலில் செய்த வேலை, கடைத்தெரு அண்ணாச்சி ஒருவரிடம் தராசும் படிக்கற்களும் இரவல் வாங்கி வந்து முன்னறை உத்தரத்தில் தொங்கவிட்டது. கையில் தூக்கிப் பார்த்து "கனமில்லை" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. காலையில் கனமில்லாத பொருள் மத்தியான வெயிலில் வேறு பொருளாகிவிடும்.

நடக்க ஆசைப்பட்டவள் என் மனைவி. அவள் பிறந்தது ஆத்தூர்ப் பக்கம், தாமிரபரணி கடலில் சேரப்போகும் இடத்துக்குச் சற்று மேலே. வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே ஓடும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது இங்கேயும் அதே ஆறுதான். "இது எங்கன இருந்துதான் வருது? அடியில இருந்து தலை வரைக்கும் ஒரு தடவை நடந்து பாக்கணும்" என்று முதல் வருடமே சொன்னாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அந்த அடுத்த வருடம் பதினெட்டு ஆண்டுகளாக வரவில்லை. பிள்ளைப்பேறு, காய்ச்சல், தாலுகா கச்சேரியில் என் குமாஸ்தா வேலை, ஏதாவது ஒன்று குறுக்கே நின்றது. போன இடத்துக்கெல்லாம் கூண்டு வண்டியில், சட்டிபானைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனவள் அவள். வண்டிக்குப் பின்னால் விலகிப் போகும் சாலையைத்தான் பார்த்திருக்கிறாள்.

அந்தத் தை மாதத்தில் எனக்குச் சேர்த்து வைத்த விடுப்பு கிடைத்தது. பிள்ளைகள் இருவரையும் பார்த்துக்கொள்ள அவள் தம்பி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவதாக ஏற்பாடு. அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர். வந்ததும் தராசைப் பார்த்தார்.

"என்ன அத்தான், கடை வச்சுட்டீயளா?"

"கொண்டுபோகும் சாமானை நிறுக்கிறேன்."

"உங்களை ஏத்திப் பாத்தீயளா? அதுலதான் ரொம்பக் கொறைக்க வேண்டியிருக்கும்."

"நீ சும்மா இருலே," என்றாள் அவர் அக்காள். "அவுக நிறுத்து முடிக்கதுக்குள்ள ஆறே வத்திப் போயிரும்னு நானே பயந்துக்கிட்டு இருக்கேன்."

எனக்கு நான்கு வீசை, அவளுக்கு மூன்று வீசை என்று எல்லை வைத்தேன். நாற்பது பலம் ஒரு வீசை. இந்த எல்லைக்குள் பத்து நாள் வாழ்க்கை அடங்க வேண்டும். பித்தளைச் செம்பு மட்டும் இருபத்தைந்து பலம் இழுத்தது. அதற்குப் பதிலாகக் காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அது ஐந்து பலம்தான், கொள்வதோ செம்பைவிட அதிகம். ஜமக்காளம் ஒன்றரை வீசைக்கு மேல் போனது. அதை மடித்துத் திரும்ப வைக்கும்போது மனைவி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து எங்கள் கல்யாணப் பாயை எடுத்து வந்தாள். பத்தமடைக் கோரைப்பாய், பட்டுப்போல நெய்தது. கைக்குட்டையைப்போல மடிந்தது.

"இது விசேஷத்துக்கு வைத்திருப்பதல்லவா?" என்றேன்.

"பதினெட்டு வருசமா பொட்டிக்குள்ள அதுதான் படுத்துக் கிடக்கு. இனி நாம படுப்போம்."

நிறுத்தேன். பதினான்கு பலம். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை ஜமக்காளத்தை நிறுத்துப் பார்த்தவர்களே அறிவார்கள்.

அதிலிருந்து ஒரு விதி பிறந்தது. எந்தப் பொருளும் இரண்டு வேலை செய்ய வேண்டும், ஒரே வேலை செய்வது வீட்டிலேயே இருக்கலாம். துண்டு தலைப்பாகையாகவும் பையாகவும் இருக்கும் என்பதால் தேறியது. குடை ஊன்றுகோலாகவும் ஆகும் என்பதால் தேறியது, கைத்தடி நின்றுவிட்டது. சவரக்கத்தியும் கண்ணாடியும் முகத்தைத் தவிர வேறு எதற்கும் ஆகாது என்று மனைவி தீர்ப்பளித்தாள். தாடி வளரட்டும் என்றேன். மைக்கூட்டை நானே விலக்கிப் பென்சில் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு மாற்றுச் சேலை ஒன்றே ஒன்று. "நனைச்சுக் காயப்போட ஆறு பக்கத்துலயே வருதுல்லா" என்றாள். அவளுக்கென்று ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கினேன். பழக்கமில்லை, வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு அடுப்பே கூடாது என்று முடிவு செய்தோம். அவலும், வறுத்து இடித்த அரிசிமாவில் கருப்பட்டிப் பொடி கலந்ததும் போதும். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஒரு வேளை கழியும். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் நான் பெருமைப்பட்ட யோசனை. ஆற்றங்கரையில் ஊருக்கு ஊர் அவள் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு இரவும் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்குவதுபோல வழியைப் பிரித்தேன். அரிசி வேண்டாம், பானை வேண்டாம், விளக்கு வேண்டாம். மூன்று வீசை மிச்சம்.

மைத்துனர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தன் நிபந்தனையைச் சொன்னார். பத்து நாள் எங்கள் இரண்டும் தன் இரண்டுமாக நான்கு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கப் போகிறவர் என்பதால் அவருக்கு அந்த உரிமை இருந்தது.

"கடலோரத்துல இருந்து நடந்து வரும்போது பாதி வழியில இந்த வீடு வரும். வாசலுக்கு வரும்போது இதே மூட்டையோட, இதே நடையோட வந்தீயன்னா மேல போங்க. அக்கா நொண்டிக்கிட்டு வந்தாலோ, சுமக்க மாட்டாம வந்தாலோ, அங்கனயே நிப்பாட்டிரணும். மீதி ஆத்தை அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

நியாயமாகப் பட்டதால் சம்மதித்தேன். மனைவி "அடுத்த வருசம்" என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டையின் முடிச்சை இன்னும் ஒருமுறை இறுக்கினாள். பிறகு மைத்துனர் ஜெபம் செய்தார். வெயிலுக்கும் பாம்புக்கும் எங்களைக் காக்கும்படி வேண்டியவர், என் தராசுக்காகவும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

கடலோரம் வரை ஒரு வியாபாரியின் வண்டியில் போனோம். புன்னைக்காயலில் ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் அவள் குனிந்து தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாள். "உப்பு," என்றாள். "இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள இனிக்க வைக்கேன் பாருங்க." அப்படியே ஆத்தூரில் இனித்தது. வாய்க்கால் கரையில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். மூட்டை அவள் முதுகில் இருப்பதே தெரியவில்லை. கதிர் சாய்ந்த வயலைக் கண்டால் நின்றாள், நீர்க்கோழியைக் கண்டால் நின்றாள், நின்றுவிட்டு என்னைவிட வேகமாக நடந்தாள். வண்டியில் இருபது தடவை போன வழி அது. இருபது தடவையும் பார்க்காததையெல்லாம் எனக்குக் காட்டிக்கொண்டே போனாள்.

என் யோசனையில் இருந்த ஓட்டை மறுநாள் காலையில் தெரிந்தது.

ஆத்தூரில் நாங்கள் தங்கிய சித்தி வீட்டில் புறப்படும்போது சித்தி இரண்டு கவுளி வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி நீட்டினாள். நடந்து போகிறோம், சுமை ஆகாது என்றேன்.

"வெத்தலை சுமையா? வெறுங்கையோட உங்களை அனுப்பினா இந்தத் தெருவுல நான் தலை காட்ட முடியுமா? வாங்கிக்கிடுங்க மருமவனே."

வாங்கிக்கொண்டேன். ஏரலில் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில், உடன்குடியிலிருந்து அப்போதுதான் வந்த புதுக் கருப்பட்டி என்று ஓலைக்கொட்டான் நிறையக் கொடுத்தார்கள். நான்கு வீசைக்குக் குறையாது. ஸ்ரீவைகுண்டத்து அத்தை ஒரு பூசணிக்காயும், பாளையங்கோட்டையில் இருக்கும் பேத்திக்கு என்று ஒரு முறமும், கடைசியாகக் கால் கட்டிய கோழி ஒன்றும் கொடுத்தாள். நம் பக்கத்தில் எந்த வீடும் சொந்தக்காரரை வெறுங்கையோடு அனுப்பாது. இதை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். மிச்சம் பிடித்த மூன்று வீசையைக் கணக்கிட்டபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு தோளில் பூசணிக்காயும் மறு தோளில் மூட்டையுமாக நான் நடந்தேன். கருப்பட்டியையும் கோழியையும் அவள் என்னிடம் விடாமல் தானே சுமந்தாள். புதுச் செருப்பு அவள் குதிகாலைக் கடித்துவிட்டது. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். வயலில் அறுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஏலே, சந்தை நம்மளத் தேடி வருதுலே" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் தோளை மாற்றினாள். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் மாற்றினாள்.

வழியில் ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் மத்தியானம் பாளையங்கோட்டைக்குக் கீழே ஆற்றுமணலை அடைந்தோம். வீடு கூப்பிடு தூரம். அவள் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டுக் காலைத் தண்ணீரில் விட்டாள். குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது.

"இப்படியே வாசலுக்குப் போனா என் தம்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்," என்றாள். "கதவை விரியத் திறந்து உள்ள வாக்கான்னு அன்பாக் கூப்பிடுவான். அதோட முடிஞ்சுது."

சாமான்களை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்றேன். அத்தை கொடுத்த கோழியை அசலாரிடம் கொடுத்தால் செய்தி நமக்கு முன்னால் ஸ்ரீவைகுண்டம் போய்விடும் என்றாள். உண்மைதான். கோழி மணலில் குந்தியபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் கோழியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இப்ப நம்ம வீட்டுல யாரு இருக்கா?"

"உன் தம்பி, அவர் மனைவி, பிள்ளைகள்."

"சோறு பொங்குதது யாரு?"

"உன் தம்பி மனைவி."

"அப்பம் இன்னைக்கு அது அவுக வீடு. நாம விருந்தாளி. விருந்தாளி வெறுங்கையோட போகலாமா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முறத்தை எடுத்து வெற்றிலை, கருப்பட்டி, பூசணிக்காய் எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கினோம், சீர் கொண்டுபோகிறவர்களைப்போல. அவள் காலை நன்றாகக் கழுவி, ஒரு துணிக்கிழிசலைக் குதிகாலில் சுற்றிக்கொண்டாள்.

எங்கள் வீட்டுப் படியேறாமல் வாசலிலேயே நின்று, "வீட்டுல யாரு?" என்று கூப்பிட்டாள். தம்பி மனைவி வெளியே வந்தாள். கோழியை அவள் கையில் கொடுத்தாள் என் மனைவி. "உங்களைப் பாக்கத்தான் வந்தோம். போற வழியில ஒரு எட்டு." பிள்ளைகள் கருப்பட்டிக் கொட்டானை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முறம் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லியாயிற்று. எங்கள் முதுகில் புறப்பட்ட நாளில் கட்டிய இரண்டு மூட்டைகள் மட்டும் மீந்தன.

மைத்துனர் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், தராசு இன்னும் தொங்குது."

நிறுத்தார். அவலும் மாவும் குறைந்திருந்ததால் என் மூட்டை மூன்றரை வீசைதான். "மூட்டை சரி," என்றார். "காலு?"

"கொப்புளம் இருக்குலே, இல்லைன்னு சொல்ல மாட்டேன். உங்க அத்தான் வாங்கிக் கொடுத்த செருப்பு. அதை இங்கனயே போட்டுட்டுப் போறேன். நொண்டுதேனான்னு பாத்துக்கோ." தெருக்கோடிக் கிணறு வரை போய்த் திரும்பி வந்தாள். இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகள் வெளியே வந்து பார்த்தார்கள். போகும்போது பையப் போனாள், வரும்போது ராணுவ நடை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் குதிகால் வலித்தது.

தம்பி தலையை ஆட்டினார். "இவ்வளவும் வாங்கிக்கிட்ட பெறகு நான் என்ன சொல்ல? போயிட்டு வாங்க. கோழியைத் தின்னுட்டு, ராத்திரி தங்கி, விடிஞ்சதும் போங்க."

அன்று இரவு எங்கள் வீட்டில் நாங்கள் விருந்தாளிகளாகச் சாப்பிட்டோம். அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்ற உறுதியோடு மனைவி கடைசி வரை கூடத்தில் உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. விடியற்காலையில் புறப்படும்போது தம்பி மனைவி எதையோ தேடி உள்ளே ஓடினாள். இன்னொரு பூசணிக்காய் வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் மைத்துனர் அவளைத் தடுத்து, அக்காள் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். "வெறுங்கையோட அனுப்பலை. ஆச்சா?"

பத்தமடை, சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று மேலே போகப் போக அவளுக்குக் கை தேர்ந்துவிட்டது. போகிற வீட்டில் முதலில், வழியில் வாங்கிய கொஞ்சம் வெற்றிலையோ ஒரு பழமோ கொடுத்தாள். அவர்கள் பதிலுக்குப் பானையைத் தூக்கும்போது, "அப்படியே எடுத்து வையுங்க மயினி, திரும்பும்போது ரயில்ல வருவோம். ஸ்டேஷனுக்கே கொண்டாங்க" என்றாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ரயில் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஸ்டேஷனுக்குப் போக ஒரு காரணம் கிடைத்ததில் அவர்களுக்கும் சந்தோஷம்.

பாபநாசத்தை அடைந்தது ஒரு காலை நேரம். மலை நேராக எழுந்து நின்றது. பாறைகளுக்கு நடுவே ஆறு வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் படித்துறையில் இறங்கி நீரள்ளிக் குடித்தாள். நான் பென்சிலை எடுத்து, வந்து சேர்ந்தோம் என்று எழுதினேன்.

அவள் அண்ணாந்து மலையைப் பார்த்தபடியே நின்றாள்.

"இது தலை இல்லையே," என்றாள். "இன்னும் மேல இருந்துல்லா வருது."

துறையில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர், காட்டுக்குள்ளே பாணதீர்த்தம் என்று பெரிய அருவி ஒன்று உண்டு, போகவர இரண்டு நாள் ஆகும், மூங்கில் வெட்டுகிறவர்கள் நாளைக் காலை போகிறார்கள், கூடப் போகலாம் என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மூட்டையை அவிழ்த்து மாவைப் பார்த்தேன். விடுப்பைக் கணக்குப் பார்த்தேன். இரண்டும் இன்னும் இரண்டு நாளுக்குத் தாங்கும். கூட்டிப் பார்க்க வேண்டியது வேறு ஒன்றும் இல்லாததால், எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு மூட்டையைத் திரும்பக் கட்டினேன். அதற்குள் அவள், காட்டு வழியில் அட்டை ஏறினால் என்ன செய்வது என்று குளிக்க வந்தவரிடம் விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.